நரம்பின் இருப்பிடம் தேடி

முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. இடிபட்டது முழங்கை; ஆனால் ‘சுரீர்’ என்று உணர்வு ஓடுவதோ சுண்டுவிரலுக்கு! சுண்டுவிரலின் நரம்பு அவ்விடத்தில் எலும்பின்மேல், தோலுக்கு மிக அருகில் செல்வதே காரணம். வழியில் எங்கு இடித்தாலும், செய்தி விரலிலிருந்து வந்ததாகவே மூளை கருதிக்கொள்கிறது.

அப்படியானால், வழியில் ஓரிடத்தில் நரம்பை மறித்துவிட்டால் அதற்கப்பால் ஏற்படும் வலி மூளையை எட்டாது அல்லவா? நோயாளி விழித்திருக்கையிலேயே அவர் கையில் அறுவை செய்வது இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே. முழு மயக்கத்தைத் தாங்க இயலாதவர்களுக்கு இம்முறை பெரிதும் உதவுகிறது. இதற்கு இரண்டு வேண்டும்: மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்று, நரம்பு இருக்கும் இடம் பற்றிய அறிவு மற்றொன்று. மருந்து 1884-இல் கிடைத்துவிட்டது. இடத்தைக் கண்ணால் காண 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மருந்து வந்த கதை

வியன்னா நகரில் கார்ல் கொல்லர் என்னும் இளம் மருத்துவர், கோகெய்ன் கரைசலைச் சொட்டாக விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டறிந்தார். 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க் மாநாட்டில் இச்செய்தி வெளியாயிற்று. பயணச் செலவுக்குப் பணமில்லாததால் கொல்லர் செல்லவில்லை. வேறொருவர் அவர் கட்டுரையைப் படித்தார்.

செய்தி சில வாரங்களில் நியூயார்க்கை எட்டியது. அங்கு வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்ட் ஹால் என்ற இரு அறுவை மருத்துவர்கள், மருந்தை நரம்பின் அருகே ஊசி மூலம் செலுத்தினால் அந்த நரம்பு செல்லும் பகுதி முழுவதும் மரத்துப்போவதைக் காட்டினர். நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால். அந்த வாயில்களை மருந்து சிறிது நேரம் அடைத்துவிடுகிறது என்பது பின்னாளில் தெரியவந்த உண்மை. ஊசியை அவர்கள் தங்கள் உடலிலேயே குத்திச் சோதித்தனர். கோகெய்ன் அடிமைப்படுத்தும் பொருள் என்பதை அவர்கள் அறியவில்லை. ஹால்ஸ்டெட் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகழ்பெற்ற பேராசிரியரானார். ஆயினும் போதைப் பழக்கம் அவரை விடவே இல்லை. ஹாலும் தப்பவில்லை.

கையின் வரைபடம்

கைக்குரிய நரம்புகள் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. இரு தசைகளுக்கு இடையே இறங்கி, ஒன்றோடொன்று பின்னி, முதல் விலா எலும்பின்மேல் ஏறி, காறை எலும்பின் பின்னால் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்குள் பிரிகின்றன. விலா எலும்பின்மேல் இவை ஒரு பெரிய தமனியை ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. அங்குச் செலுத்தும் மருந்து ஏறத்தாழக் கை முழுவதையும் மரக்கச் செய்யும். ஆனால் அதற்குச் சற்று உட்புறத்திலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது! ஊசி சற்று ஆழமாகிவிட்டால் நெஞ்சறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும்.

ஹால்ஸ்டெட் இதற்குக் கண்ட வழி, தோலை அறுத்து நரம்புகளைக் கண்ணால் பார்த்து மருந்தைச் செலுத்துவது. வலியைத் தடுக்க முதலில் ஓர் அறுவை! 1911-இல் இரு ஜெர்மானியர்கள் அறுக்காமலே செய்ய வழி கண்டனர். ஹிர்ஷல் அக்குள் வழியாகவும், குலன்காம்ப் காறை எலும்பின் மேற்புறமாகவும் ஊசி செலுத்தினர். குலன்காம்ப் முதலில் சோதித்தது தம் உடலில்தான். காறை எலும்பின் நடுப்புள்ளி, விரலுக்குத் தட்டுப்படும் தமனித் துடிப்பு, அடியில் விலா எலும்பு ஆகியவையே அவருக்கு வழிகாட்டிகள். நரம்பை அடைந்ததற்கு அடையாளம்? விரல் வரை ஓடும் அதே ‘சுரீர்’தான். அதை நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இயற்பியலின் துணை

1912-இல் பெர்த்தஸ் என்பவர், நுனி தவிர மற்ற பகுதிக்குக் காப்புப் பூச்சிட்ட ஊசியில் மின்னோட்டம் செலுத்தினார். நரம்பை நெருங்கியதும் தசை துடித்தது. எவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் துடிக்கிறதோ, நரம்பு அவ்வளவு அருகில் இருக்கிறது. இயற்பியல் மாணவனும் எளிதில் உணரக்கூடிய தத்துவம் இது! எனினும் கையடக்கமான டிரான்சிஸ்டர் கருவி 1962-இல்தான் வந்தது.

அடுத்து வந்தது ஒலி. நம் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இங்குப் பயன்படும் மீயொலியோ வினாடிக்குச் சுமார் 1 கோடி அதிர்வுகள் கொண்டது. திசுக்களின் எல்லைகளில் அது எதிரொலித்துத் திரும்பிப் படமாகிறது. 1994-இல் ஸ்டெஃபன் காப்ரலும் குழுவினரும் மீயொலியின் துணையுடன் காறை எலும்பின் மேற்புறம் ஊசி செலுத்தி, மருந்து பரவுவதையும் கண்டனர். இது நிகழ்ந்த நகரம் எது தெரியுமா? கொல்லரின் அதே வியன்னா!

இன்று திரையில் தமனி வட்டமாகத் துடிக்கிறது. அருகே நரம்புகள் திராட்சைக் கொத்துப்போல் தெரிகின்றன. கீழே விலா எலும்பும் நுரையீரல் உறையும் வெண்கோடுகளாக மின்னுகின்றன. ஆனால் கருவி காட்டுவது கறுப்பு வெள்ளை நிழல்களை மட்டுமே. எது நரம்பு, எது தமனி, எங்கே ஊசி நிற்க வேண்டும் என்று சொல்வது உடற்கூற்றறிவுதான். எனவே நுண்ணிய கருவி கையில் உள்ள இந்நாளிலும் மருத்துவ மாணவர் அந்த ஐந்து வேர்களையும் வரைந்து வரைந்தே படிக்க வேண்டியிருக்கிறது.