பெரிய நாயும் கயிற்றுப் பயிற்சியும்

தருமபுரியை அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுடன், கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவிழ்த்துவிட்டால்தான் மந்தையைக் காக்கும் நாய்க்கு வேலை நடக்கும். இன்றைய தெருவிலோ நாயைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்; பெரிய நாய் திடீரென இழுத்தால் முதியவர் விழுந்து எலும்பு முறியலாம்.

செருமானியரான கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூல், கயிற்றைச் சுண்டி இழுத்துக் கண்டித்துப் பழக்கும் முறையைக் கூறியது. பலன் கிடைக்கும் செயலையே விலங்கு மீண்டும் செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் பின்னர் விளக்கின. நாய் இழுக்கும்போது நாமும் பின்னே நடந்தால், இழுப்பதற்கே பலன் கிடைக்கிறது. எனவே கயிறு விறைத்தால் நின்றுவிட வேண்டும். தளர்ந்ததும் பாராட்டி நடக்க வேண்டும். வீட்டார் அனைவரும் இதையே கடைப்பிடித்தால்தான் நாய் கற்கும்.