சேற்றில் வாழும் நுண்ணுயிரும் அதன் வெளிச்சவ்வும்

1896ஆம் ஆண்டு டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் இம்மாநிலத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் பால் வெட்டினர், காடழித்தனர், கால்வாய் தோண்டினர். காற்புண்ணும் சேறும் அவர்தம் அன்றாட வாழ்வு. தோட்ட நோய்களைப் பேசும்போது மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் நாம் தவறாமல் குறிப்பிடுகிறோம். ஈரமண்ணில் வாழ்ந்து புண்வழியே உடலுட்புகும் மற்றொரு நுண்ணுயிரை விட்டுவிடுகிறோம்.

அதனை முதலில் கண்டறிந்த இடம் இரங்கூன். அங்கு 1911இல் பிணக்கூறாய்வு செய்த ஆல்பிரட் விட்மோரும் துணை மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தோரின் நுரையீரலில் புதுவகைக் கட்டிகளைக் கண்டனர். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயை அவை ஒத்திருந்தன. ஆனால் இந்நுண்ணுயிர் நீந்தியது. வளர்ப்பூடகத்தில் விரைந்து பெருகியது. மாண்டோருட் பலர் வறியவர்கள். மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். 1912இல் இருவரும் சேர்ந்தே இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் இதனை அறிவித்தனர். எனினும் விட்மோர் நோய் என்றே அது வழங்கலாயிற்று. நமக்கு அயலல்லாத மற்றைப் பெயர் கட்டுரைத் தலைப்போடு நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் விலங்குக் கூடத்தில் கினிப்பன்றிகளும் முயல்களும் மடிந்தன. அங்குப் பணியாற்றிய ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்தனர். 1921இல் அவர்கள் இட்ட பெயரே மெலியோய்டோசிஸ். 1932இல் தனிநூலும் வெளியிட்டனர். மருந்துதான் அவர்களிடம் இல்லை.

1947இல் பாலிமிக்சின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கண்டறியப்பட்டது. அதன் செயல் முறை மாணவர் அறியத்தக்கது. ஒருசார் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று உண்டு. அதன் புறப்பரப்பில் உள்ள லிப்பிட் ஏ மூலக்கூறுகளின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் உடையவை. அவை ஒன்றையொன்று விலக்காதபடி கால்சிய, மக்னீசிய அயனிகள் இடைநின்று பிணைக்கின்றன. நேர்மின்னூட்டம் மிக்க பாலிமிக்சின் அவ்வயனிகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தில் தான் ஒட்டிக்கொள்கிறது. பின்பு தன் கொழுப்பு வாலைச் சவ்வினுள் செலுத்துகிறது. சவ்வு குலைகிறது, உயிரணு சிதைகிறது.

மெலியோய்டோசிஸ் நுண்ணுயிரிடம் இவ்வழி பயன்படவில்லை. அதன் லிப்பிட் ஏயில் அமினோ தொகுதியுடைய சர்க்கரை ஒன்று இணைந்து எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பற்றுவதற்கு இடமின்றி மருந்து தோற்கிறது. இத்தோல்வியையும் ஆய்வகத்தார் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே நம்மை வியக்கவைப்பது. பாலிமிக்சின் இனத்தைச் சேர்ந்த கோலிஸ்டினை வளர்ப்பூடகத்தில் கலந்தால் பிற பாக்டீரியாக்கள் பல மடியும். இது மட்டும் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வெளிச்சவ்வைக் கடந்துசென்று உயிரணுச்சுவர் கட்டும் புரதங்களைப் பற்றும் செஃப்டாசிடிம் இந்நோய்க்கு உதவியது. 1989இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில் அம்மருந்து இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இன்றும் குறைந்தது பத்து நாளேனும் நரம்புவழி மருந்தும், அதன்பின் மூன்று மாத அளவில் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் தரப்படுகின்றன. காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையை நிறுத்துவோரிடம் நோய் மீளக்கூடும். நீரிழிவு உடையோரை இது மிகுதியாகத் தாக்குகிறது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மழைக்குப்பின் வெறுங்காலுடன் தோட்ட வேலை பார்க்கும் நீரிழிவுற்ற முதியோர்க்கு முழங்கால் வரையிலான காலணி வாங்கித்தருவது பிள்ளைகளால் இயலும் செயலே.