பல பெல்ட் போய் ஒரு பெல்ட் வந்த கதை

கார் என்ஜினுக்கு சக்கரத்தைச் சுற்றுவது மட்டும் வேலை இல்லை. கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் என்று ஒரு பெரிய குடும்பத்தையே அது காப்பாற்ற வேண்டும். என்ஜினின் முன்பக்கம் உள்ள ஒரு புல்லியிலிருந்து இவற்றுக்கெல்லாம் சக்தியைக் கொண்டுபோவது ரப்பர் பெல்ட்தான். இதில் ஒரே பெல்ட் பாம்பு மாதிரி வளைந்து எல்லாப் புல்லிகளையும் சுற்றி வந்தால், அதற்குப் பெயர் சர்ப்பென்டைன் பெல்ட். அமெரிக்காவில் பிறந்த இந்தப் பெல்ட்டால், வீட்டு வாசலில் தானே பழைய காரை ரிப்பேர் பார்ப்பவருக்குக் கிடைத்தது லாபமா, நஷ்டமா?

ஆரம்பகாலக் கார்களில் இருந்தது தட்டையான தோல் பெல்ட். நனைந்தால் வழுக்கும், நாளானால் நீளும். 1911-ல் சார்லஸ் கேட்ஸ் என்பவர் டென்வர் நகரில் ஒரு சிறிய தோல் கம்பெனியை வாங்கினார். அவருடைய தம்பி ஜான் கேட்ஸ் 1917-ல் ரப்பரும் துணியும் சேர்ந்த 'வி' வடிவ பெல்ட்டை உருவாக்கினார். புல்லியின் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கி உட்காரும் பெல்ட் இது. இழுக்க இழுக்க இன்னும் இறுகும், வழுக்காது. அன்றைய காரில் இது சுற்ற வேண்டியது முக்கியமாக ஃபேனைத்தான். 'ஃபேன் பெல்ட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்!

பிறகு வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1940 மாடல் பேக்கார்டு காரில் ஏசி வந்தது. 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலில் பவர் ஸ்டீயரிங் வந்தது. புது வசதி வரும்போதெல்லாம் கூடவே இன்னொரு பெல்ட்டும் வந்தது. 1970-களில் பெரிய அமெரிக்கக் கார்களில் மூன்று, நான்கு பெல்ட்கள் ஒன்றன் முன் ஒன்றாக நின்றன. உள்ளே இருப்பதை மாற்ற, முன்னால் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை ஒரு கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டே மறுகையால் முறுக்க வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் போச்சு, குறைந்தால் கீச்சிடும் சத்தம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1978 மாடல் கார்கள் கேலனுக்குச் சராசரி 18 மைல் தரவேண்டும் என்று விதி. கார்கள் சிறியதாகின, என்ஜின் அறையில் இடம் குறைந்தது. கேட்ஸ் நிறுவனத்தின் இன்ஜினியர் ஜிம் வான்ஸ் உருவாக்கிய சர்ப்பென்டைன் அமைப்பு, 1979 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கில் இடம்பிடித்தது.

இதன் ரகசியம் பெல்ட்டின் உருவத்தில் இருக்கிறது. தடித்த வி பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கி ஓட்டினால் சீக்கிரம் கெடும். இதுவோ மெல்லியது, அகலமானது, உட்புறம் வரிவரியாகப் பள்ளம். இரண்டு பக்கமும் வளையும். அதனால் முதுகாலும் ஒரு புல்லியைச் சுற்ற முடியும். ஆனால் முதுகால் சுற்றும் பம்ப் எதிர்த்திசையில் ஓடும். அந்த இடத்தில் பழைய வகை பம்பை மாட்டினால் என்ஜின் கொதிக்க வேண்டியதுதான்.

வீட்டில் மாற்றுபவருக்கு வேலை பாதியாகக் குறைந்தது. ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் இருந்தால் இறுக்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். என்ஜின் ஆறியபின், பெல்ட் போகும் வழியை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பழைய காரில் பானெட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டிக்கர் கிழிந்து போயிருக்கலாம். நீளக் கைப்பிடி ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பினால் பெல்ட் தளர்ந்து வரும். புதியதை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால், கெட்ட பேரிங் கரகரக்கும். மாட்டியபின் எல்லா வரிகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தனவா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் ஓரம் பிய்ந்துவிடும். 6பிகே2100 என்று எழுதியிருந்தால் ஆறு வரி, 2100 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம்.

இதுவரை லாபக்கணக்கு. நஷ்டம் என்ன? அந்தக் காலத்தில் ஏசி பெல்ட் அறுந்தால் வியர்த்துக்கொண்டே வீடு வந்து சேரலாம். ஒரே பெல்ட் அறுந்தால் சார்ஜ், ஸ்டீயரிங், பெரும்பாலான கார்களில் தண்ணீர் சுழற்சி, எல்லாமே ஒரே நொடியில் நிற்கும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாதது. பழைய நியோப்ரீன் பெல்ட் வயதானால் வெடிப்பு விடும். அதைப் பார்த்து மாற்றிவிடலாம். 2000-ஐ ஒட்டி ஈபிடிஎம் என்ற ரப்பர் பரவலானது. ஆயுள் கூடியது, ஆனால் அது லேசில் வெடிப்பதில்லை. டயர் மாதிரி தேய்கிறது, பள்ளம் அகலமாகிறது, வழுக்க ஆரம்பிக்கிறது. வெடிப்பைத் தேடுபவர் கண்ணுக்குப் பெல்ட் புதுசு மாதிரியே இருக்கும்! தேய்மானத்தை அளக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் தேவை.

2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ், இந்தப் பெல்ட்டையே என்ஜினிலிருந்து நீக்கிவிட்டது. பழைய கார்கள் ஓடும்வரை இந்தக் கணக்கு மட்டும் மாறாது. உழைப்பு மிச்சமானது, ஆனால் முன்னெச்சரிக்கை போய்விட்டது. மிச்சமான உழைப்பில் ஐந்து நிமிஷத்தை அந்த அளவுகோலுக்குச் செலவு செய்பவருக்குத்தான் இந்த பெல்ட் லாபம்.