பின்னோக்கி வரும் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆறில்லாத இந்த மண்ணை நூற்றாண்டுகளாக வாழவைத்தவை கிணறுகளே. அந்தக் கிணறுகளின் வரலாறு, உண்மையில், நீர் பின்னோக்கி வராமல் தடுப்பதற்கு நாம் செய்த முயற்சிகளின் வரலாறு.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு. மறுதலையாக, மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பது இந்த உண்மைக்குக் கண்கண்ட சான்று. துலாவில் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. இறைப்பு இயந்திரம் வந்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

நிலத்தடியில் மட்டுமன்றி மேலேயும் உப்பு வந்தது. தொண்டைமானாறு, கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் என்பது மரபு. அதன் வாய்வழியே கடல் வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் புகும். அதை மறிக்க 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும். கடலை உள்ளே விடக்கூடாது. ஒருவழிக் கதவு என்றால் இதுதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இதனினும் பெரிய கனவு. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் கால்வாய்வழியே அந்நீரை வடமராட்சிக்குக் கொண்டுவருவது அதன் சாரம். அது முழுமை பெறவில்லை. கட்டிய அணைகளின் கதைதான் இன்னும் வருத்தமானது. மரப்பலகைக் கதவுகள் உக்கின. இடுக்குகளால் உப்புநீர் கசிந்தது. போர்க்காலத்தில் பார்ப்பாரில்லை. பெரிய அளவிலான திருத்தவேலைகள் போர் முடிந்த பிறகே நடந்தன.

அணை கட்டிய ஆண்டு கல்வெட்டில் இருக்கும். அதைக் கடைசியாகப் பரிசோதித்த ஆண்டை எந்தக் கல்லிலும் பொறிப்பதில்லை.

ரொறன்ரோவில் குழாய்த்தொழில் செய்யும் என் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தமது சான்றிதழைப் புதுப்பிக்கப் படித்துப் பரீட்சை எழுதவேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். நீர் பின்னோக்கி ஓடுவதைத் தடுக்கும் கருவியைச் சோதிப்பது அவர் வேலை. கருவிக்குள் இரண்டு ஒருவழி வால்வுகள். நடுவில் ஒரு வெளியேற்று வால்வு. முதல் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தலுக்குக் குறையுமுன்னரே நடுவால்வு திறந்து, நீரை வெளியே கொட்டிவிடவேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. சோதிக்கும் அழுத்தமானிக்கும் பரிசோதனை. சோதிப்பவருக்கும் பரிசோதனை!

இது வீண் சடங்கன்று. 1933இல், உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சிக்காகோவில், இரண்டு விடுதிகளின் பழைய குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்தது. அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தனர். 1969இல் அமெரிக்காவின் ஹோலி குரொஸ் கல்லூரியில் உதைபந்தாட்ட அணியில் பெரும்பாலானோர் கல்லீரல் அழற்சிக்கு ஆளாயினர். அயலில் தீயணைக்க நீரை இழுத்தபோது குழாயில் அழுத்தம் குறைந்து, மைதானத்துக் குழியிலிருந்த அழுக்குநீர் உள்ளே உறிஞ்சப்பட்டதே காரணம். பரிசோதனை விதிகளுக்குப் பின்னால் இத்தகைய நோய்களும் மரணங்களும் இருக்கின்றன.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. இரணைமடு நீரைப் பகிர்வதில் எழுந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு கிடைத்த நீர் இது. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் கிணறும் உண்டு, மின்மோட்டாரும் மேல்தாங்கியும் உண்டு. ஒரே குழாயில் கிணற்று நீரையும் சபை நீரையும் இணைத்துவிடுவது எளிது. தெருக்குழாயில் அழுத்தம் குறையும் வேளையில், அல்லது வீட்டு மோட்டார் அதைவிட வலுவாகத் தள்ளும் வேளையில், கிணற்று நீர் தெருவுக்குப் போகும். உர நைத்திரேற்றும் மலக்குழிக் கிருமியும் கூடவே போகும். ஒரு வளவின் தவறு ஓர் ஒழுங்கை முழுவதற்கும் நோயாகும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. இரண்டு நீரையும் எவ்விடத்திலும் இணைக்காதிருப்பது முதல் வழி. மேல்தாங்கிக்குள் சபைக்குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே, காற்று இடைவெளி விட்டு நிற்பது இரண்டாவது வழி. காற்றைத் தாண்டி நீர் பின்னேறாது. பெரிய கட்டடங்களில் தடுப்புக் கருவி வைக்கவேண்டும். அதைக் காலந்தோறும் சோதிக்கப் பயிற்சிபெற்ற ஆட்கள் வேண்டும். அவர்கள் கற்றது பழுதாகாமல் இருக்கிறதா என்று கேட்கும் முறையும் வேண்டும். எமது இளைஞர்களுக்கு நல்ல தொழிலாகவும் அது அமையும். புலம்பெயர்ந்த நாடுகளில் இக்கலையறிந்த தமிழர் விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு பயிற்சிப்பட்டறை நடத்தலாமே.

தொண்டைமானாற்றுப் பலகைகள் ஒரே இரவில் உக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாகத்தான் உக்கின. அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.