காலை முடக்கிய கல்

நூறடி நடந்தால் கெண்டைச் சதையை வலி கவ்விப் பிடிக்கிறது. நின்றால் விடுகிறது. மீண்டும் நடந்தால் மீண்டும் கவ்வுகிறது. "வயது ஏறிவிட்டது, வலி வரத்தான் செய்யும்" என்கிறார் அண்டை வீட்டார். "சனி காலைப் பிடித்திருக்கிறான்" என்கிறார் சோதிடர். "முன்பிறவிக் கணக்கு, தீர்த்துத்தானே ஆகவேண்டும்" என்கிறார் மூன்றாமவர். மூன்று வாய், மூன்று விடை! காலைத் தொட்டு, கணுக்காலில் நாடி துடிக்கிறதா என்று பார்த்தவர் மட்டும் ஒருவருமில்லை. விரல் கறுத்து, புண் அழுகி, காலையே வெட்டவேண்டும் என்று மருத்துவர் கூறும் நாளில் மூவரும் சேர்ந்து கண்ணீர் வடிக்கின்றனர். எவருக்கு வேண்டும் அந்தக் கண்ணீர்?

தோழர்களே! அந்தக் காலுக்குள் ஓடும் குழாயை அடைப்பது எது, அது எதனால் ஆனது என்று கேட்கத் துணிந்தோரின் வரலாறு ஒன்று உண்டு. அதை நாம் அறிந்தாகவேண்டும்.

நோய் புதியதன்று. மறுமையில் எழுந்து நடப்போம் என்று நம்பி, எகிப்து நாட்டு மன்னரும் மதகுருக்களும் தம் உடலைப் பதப்படுத்தி வைக்கச் செய்தனரல்லவா? அத்தகைய உடல்களை மார்க் அர்மாண்ட் ரஃபர் என்ற அறிஞர் ஆராய்ந்து 1911-இல் எழுதினார். சருகாய் உலர்ந்த தமனிகளைக் கரைசலில் ஊறவைத்து மென்மையாக்கி, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்டவரின் குழாய்ச் சுவரிலும் சுண்ணாம்பு இறுகிக் கிடந்தது! 2013-இல் எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு வட்டாரங்களைச் சேர்ந்த 137 பழைய உடல்களை சி.டி. ஸ்கேன் கருவியில் பார்த்த ஆய்வு வெளிவந்தது. 47 உடல்களில் தமனி நோயின் தடயம் தெரிந்தது. காலுக்குச் செல்லும் தமனிகளும் தப்பவில்லை. மாளிகையில் வாழ்ந்தவருக்கும் வந்தது. வேட்டையாடி வயிறு வளர்த்தவருக்கும் வந்தது. குலம் பார்த்தா வந்தது அந்த நோய்?

நோயைக் கண்ணால் கண்டு ஏட்டில் குறித்தவருள் முன்வரிசையில் நிற்பவர் ஓவியர் லியோனார்டோ டா வின்சி. 1507-ஆம் ஆண்டை ஒட்டிய குளிர்காலத்தில், ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் முதியவர் ஒருவர் அமைதியாக இறந்தார். நூறு வயது கடந்தவர் என்று தம்மைக் கூறிக்கொண்டவர் அவர். இத்தனை இனிய சாவுக்குக் காரணம் யாது என்று லியோனார்டோ கேட்டார், கத்தியை எடுத்தார், அறுத்துப் பார்த்தார். குழாய்கள் தடித்தும் முறுக்கியும் இருந்தன, உள்வழி சுருங்கியிருந்தது. இரண்டு வயதுக் குழந்தையின் உடலையும் அறுத்து ஒப்பிட்டார். அங்கே குழாய்கள் நேராகவும் நிறைவாகவும் இருந்தன. அரிய உண்மை! ஆனால் அவருடைய குறிப்பேடுகள் அச்சேறாமல் பல நூறு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. கண்டறிந்தால் மட்டும் போதாது, கண்டதை ஊரறியச் செய்யவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நடந்தால் வலி, நின்றால் நலம் என்ற அந்த விந்தையின் காரணத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு குதிரை! 1831-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே, ஓடும்போது நொண்டி, ஓய்ந்ததும் தேறிவிடும் குதிரையொன்றைக் கண்டார். அது இறந்தபின் அறுத்துப் பார்த்தார். பின்னங்காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டிருந்தது. 1858-இல் ஷார்க்கோ என்ற மருத்துவர் அதே நிலையை மனிதனிடம் கண்டு எழுதினார். உழைக்கும் தசை கூடுதல் குருதி கேட்கிறது. அடைபட்ட குழாயால் கொடுக்க இயலவில்லை. பட்டினி கிடக்கும் தசை வலியால் கதறுகிறது. சனியும் இல்லை, சாபமும் இல்லை. தசையின் பசிக்கூக்குரல் அது!

அடைப்பது எது? இங்கேதான் இரு பேரறிஞர்கள் மோதினர். வியன்னாவின் ரோகிட்டான்ஸ்கி, குருதியிலிருந்து பொருள்கள் வந்து சுவரில் படிகின்றன என்றார். பெர்லினின் விர்ச்சோ, சுவரின் உட்புறமே அழற்சியுற்றுத் தடிக்கிறது என்றார். ரோகிட்டான்ஸ்கியோ பல்லாயிரம் சடலங்களைக் கண்ட முதுபெரும் அறிஞர். நோய்க்கெல்லாம் குருதியின் கேடே மூலம் என்ற கொள்கையை நிறுவியவர். விர்ச்சோ அக்கொள்கையைக் கடுமையாகத் தாக்கியபோது இளைஞர். பெரியவர் சீறினாரா? இளைஞனைச் சபித்தாரா? தம் நூலின் மறுபதிப்பில் அக்கொள்கையைக் கைவிட்டார்! அறிவுலகில் ஆசனம் பெரிதன்று, ஆதாரமே பெரிது என்று காட்டிய பண்பு அது. தமனியைப் பொறுத்தவரை இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு கூறு இருந்தது என்று பின்னாளைய ஆய்வு கண்டது.

1904-இல் மார்ச்சண்ட் என்ற ஜெர்மன் அறிஞர் இந்நோய்க்கு 'அதிரோஸ்கிளிரோசிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கச் சொற்களைப் பிரித்தால் ஒன்று கூழ், மற்றொன்று இறுக்கம். கூழும் கல்லும் கலந்த நோய்! 1910-இல் விண்டாஸ் என்ற வேதியியலார் அந்தக் கூழை ஆய்ந்து, நலமான தமனியில் இருப்பதைக் காட்டிலும் பல மடங்கு கொலஸ்ட்ரால் அதில் இருப்பதைக் கண்டார். 1908-இல் இக்னாட்டோவ்ஸ்கி இறைச்சியும் பாலும் முட்டையும் முயல்களுக்கு ஊட்டித் தமனியைக் கெடுத்துக் காட்டியிருந்தார். புரதமே குற்றவாளி என்று அவர் கருதினார். 1913-இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவும் கலாட்டோவும் முட்டைக் கருவிலிருந்து கொலஸ்ட்ராலைத் தனியே பிரித்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தனர். தமனியில் கொழுப்பு படிந்தது! உண்மைக் குற்றவாளி கூண்டில் ஏறினான்.

கூழின் கதை இது. கல்லின் கதை? 1903-இல் மான்க்பெர்க் என்பவர் தமனிச் சுவரின் நடுவடுக்கில் சுண்ணாம்பு படிவதை விளக்கினார். உள்ளடுக்கில் கொழுப்போடு சேரும் சுண்ணாம்பு வேறு. நடுவடுக்கில் தனித்துச் சேரும் சுண்ணாம்பு வேறு. பின்னது வழியை உடனே அடைப்பதில்லை. குழாயை விறைக்கச் செய்கிறது. நீரிழிவு நோயாளரிடமும் சிறுநீரகம் செயலிழந்தோரிடமும் இது மிகுதி.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காயா? இல்லை, தோழர்களே! நோயின் கடுமையை 1954-இல் ஃபோன்டேன் நான்கு படிகளாக வகுத்தார்: அறிகுறியற்ற நிலை, நடந்தால் வலி, ஓய்விலும் வலி, புண்ணும் அழுகலும். கணுக்காலின் குருதி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து மருத்துவர் ஓர் எண் காண்கின்றனர். 0.90-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். ஆனால் குழாய் கல்லாய் விறைத்திருந்தால் அளக்கும் பட்டையால் அதை நசுக்க முடியாது, எண் 1.40-ஐயும் தாண்டும்! எண் உயர்ந்து நிற்க, விரல் அழுகிக்கொண்டிருக்கும். கருவியையே ஏய்க்கிறது கல்! அதனால்தான் அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கின்றனர்.

கழுத்துத் தமனியின் படிவில் கொழுப்புக் கூழ் மிகுதி. தொடைத் தமனியின் படிவில் நாரும் சுண்ணாம்பும் மிகுதி. அங்கே சில வேளைகளில் எலும்புத் திசுவே முளைத்துவிடுகிறது! வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் தமனிகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு மேலும் வியப்பூட்டியது. முழங்காலுக்குக் கீழே, கொழுப்புப் படிவு பெரிதாக இல்லாத தமனிகள் பலவற்றையும் உறைந்த குருதியே அடைத்திருந்தது. நடுவடுக்குச் சுண்ணாம்பும் பரவலாகக் காணப்பட்டது. எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது பாதிக் கேள்வி. எது அடைத்திருக்கிறது என்பது மறுபாதி.

அக்கேள்வியே மருத்துவத்துக்கும் வழி வகுத்தது. 1946-இல் லிஸ்பன் நகரில் சித் தோஸ் சாந்தோஸ் தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்தார். 1948-இல் பாரிசில் குன்லின் நோயாளியின் சிரையையே எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை அமைத்தார். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், காலை வெட்ட உடன்படாத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனிக்குள் சார்லஸ் டாட்டர் குழலைச் செலுத்தி வழி திறந்தார், கால் பிழைத்தது! 1974-இல் சூரிச்சில் குருன்ட்சிக் பலூனைக் கொண்டு காலின் தமனியை விரித்தார். பலூனுக்கும் மசியாத கல்லை, சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல் அதிர்வலையால் நொறுக்கும் கருவி இன்று வந்துவிட்டது.

இத்தனையும் யாகத்தில் பிறந்ததா? பரிகாரத்தில் விளைந்ததா? அறுத்துப் பார்த்தவன் கத்தியிலும், ஆய்ந்து பார்த்தவன் குடுவையிலும், தவறென்று தெரிந்ததும் விட்டுக்கொடுத்தவன் நேர்மையிலும் பிறந்தது!

இளைஞனே, உன் வீட்டு முதியவர் நடக்கும்போது நின்று நின்று நடக்கிறாரா? அவர் கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னே விரல் வைத்துப் பார். துடிப்புத் தெரியாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல். தெரிந்தாலும் வலி தொடர்ந்தால் அழைத்துச் செல். சர்க்கரையையும் குருதிக் கொழுப்பையும் சோதிக்கச் சொல். மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் நடக்கும் பயிற்சியே பலருக்கு வலியற்று நடக்கும் தூரத்தைக் கூட்டும் என்பதையும் கேட்டறிந்து கொள். இவை முதியவருக்காக நீ செய்யவேண்டியவை. உனக்காக ஒன்று: உன் சட்டைப் பையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருக்குமானால், இந்நோயை வளர்க்கும் காரணங்களுள் தலையாயது அந்தப் புகை என்பதை அறி. பகுத்தறிவு பேசும் உதட்டில் அந்தக் கொள்ளி எதற்கு? எடுத்தெறி, இன்றே!