எரர் காயின் அட்டைக்கு ஓர் உரை

நாணயம் சேர்க்கத் தொடங்கியிருக்கும் அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்காக, என்னிடம் உள்ள ஒரு காயின் ஹோல்டரின் மேல் எழுதியிருப்பதைப் பகுதி பகுதியாக விளக்குகிறேன். அட்டையில் உள்ளது இவ்வளவுதான்:

"1 ரூபாய், 1985. எச். ஆஃப் சென்டர் 15%. 6 கிராம். வி.எஃப்."

1 ரூபாய், 1985: செம்பும் நிக்கலும் கலந்த, 26 மி.மீ. அகலமுள்ள காசு. அப்போது சில்லறைத் தட்டுப்பாடு கடுமை. அதனால் வெளிநாட்டு ஆலைகளிலும் அடித்து வாங்கினார்கள். 1985 என்று கண்டால் வருஷத்துக்குக் கீழேயும் பாருங்கள்.

எச்: பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் ஆலையின் மின்ட் மார்க். அதே வருஷக் காசில் முதல் இலக்கத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் அது பிரிட்டனின் லாண்ட்ரிசண்ட். வருஷத்தின் நடுவுக்குக் கீழே இருந்தால் மும்பை. குறியே இல்லாவிட்டால் கல்கத்தா. நம் தங்கசாலையில் இருந்த ஆலை 1869-இல் மூடப்பட்டதால், குடியரசுக் காசில் சென்னைக்குக் குறி கிடையாது. இவை தெரிந்தே இட்ட வேறுபாடுகள். எனவே 'எச்' ஒரு வகைதான், பிழை அல்ல.

ஆஃப் சென்டர் 15%: பிழை இங்கேதான் இருக்கிறது. வெற்று வில்லை அச்சுக்கு நடுவில் உட்காராமல் விலகி இருந்தபோது அடி விழுந்திருக்கிறது. மேல்பக்க வடிவம் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. கீழே பிறை வடிவில் வெற்று உலோகம். அதனால் வருஷமும் எச்சும் தப்பின. இவை இரண்டும் முழுதாகத் தெரிந்தால் இப்படிப்பட்ட காசுக்கு மதிப்பு கூடும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போலக் காசைத் திருப்பினால் மறுபக்கமும் பிறை கீழேயே நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது அரத்தின் வேலை.

6 கிராம்: அட்டையிலேயே முக்கியமான பகுதி இதுதான். விலகி அடித்தாலும் உலோகம் குறையாது, எடையும் மாறாது. வெட்டியதோ ராவியதோ என்றால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். 'கிளிப்' பிழை இதற்கு விலக்கு. அதில் வில்லை வெட்டும்போதே ஓரம் போய்விடுவதால் எடை குறையும். அங்கே வெட்டுக்கு நேரெதிர் விளிம்பு மழுங்கி இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். பல கிளிப்களில் அந்த மழுக்கம் தெரியும். ஆலையை விட்டு வந்த பிறகு வெட்டிய காசில் அது வராது.

வி.எஃப். ('வெரி ஃபைன்'): பிழைக்குத் தரம் இல்லை, தேய்மானத்துக்குத்தான் தரம். நடுச் சிங்கத்தின் பிடரிமயிர் முதலில் தேயும். இதில் இழைகள் தெரிகின்றன, உச்சிகள் மட்டும் மழுங்கியிருக்கின்றன. ஆகவே வி.எஃப். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் தரம் இறங்குமே தவிர ஏறாது. நம் ஊரில் உப்புக்காற்று வேறு. பி.வி.சி. உறையைத் தவிர்த்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அட்டையில் இல்லாதது: விலை. பழைய காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முதலில் கமிஷன் கேட்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. தான் இந்த வியாபாரத்தில் இல்லை என்றும் சொன்னது. காசு ஆலைக்குள்ளேயே பிழைபட்டதா என்பதைத் தராசும் லென்ஸும் சொல்லட்டும். விலைப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.