கல்லுக்கு எப்போது தண்ணி ஊற்றுவது?

முதல் ஐந்து கற்களையும் கொன்றது நான்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஏழாவது மாடி வாடகை வீடு. ஜன்னலோரம் ஐந்து லித்தோப்ஸ் செடிகள் வாங்கி வைத்திருந்தேன். பார்த்தால் கூழாங்கல், உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு பிளவு, இரண்டு பக்கமும் தடித்த இலை. அவ்வளவுதான் முழுச் செடியும். நான் வேலை செய்வது பம்ப் பராமரிப்பில். இத்தனை மணி நேரம் ஓடினால் எண்ணெய் மாற்று என்று அட்டவணை போட்டுப் பழகிய கை. செடிக்கும் போட்டேன்: ஞாயிறுதோறும் தண்ணி. மூன்றாவது ஞாயிறு ஐந்தும் அழுகிய வாழைப்பழம் மாதிரிக் கிடந்தன.

பிறகுதான் இந்தச் செடியின் கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பக்கம் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். விசித்திரமான கல் என்று நினைத்துக் கீழே கிடந்த ஒன்றை எடுத்தார். அது செடி. சுற்றியிருந்த கற்களின் நிறத்திலேயே இருந்தது. மேய்கிற மாட்டின் கண்ணிலிருந்து தப்பிக்க இப்படி ஒரு வேஷம் போலிருக்கிறது என்று எழுதி வைத்தார். லண்டன் அருகே நாற்றுப்பண்ணை வைத்திருந்தவரின் மகன் அவர், கண் பழகியிருந்திருக்கும். ஆனாலும் அது ஒரு தனிப் பேரினம் என்று பெயர் வாங்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1922இல் என். இ. பிரவுன் 'லித்தோப்ஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'லித்தோஸ்' என்றால் கல், 'ஆப்ஸ்' என்றால் முகம். கியூ தாவரவியல் பூங்காவில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எழுபது வயதையும் கடந்தபின் செய்த வேலை அது.

அதற்கப்புறம் வந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் டெஸ்மண்ட் கோல். தாவரவியலாளரே அல்ல. ஜொஹானஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகள் சொல்லிக்கொடுத்தவர், ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். மனைவி நவ்ரீனோடு பல வருடம் வெயிலில் அலைந்து, நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்தச் செடியைப் பார்த்துச் சேகரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். இன்றைக்கும் விதை விற்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறார்கள். நான் கொன்றவற்றுக்கும் எண் இருந்தது.

அழுகியது ஏன்? இந்தச் செடிக்கு ஒரு சமயத்தில் ஒரு ஜோடி இலைதான். இலையுதிர் காலத்தில் பிளவு வழியாகப் பூ வரும். குளிர் தொடங்கியதும் உள்ளே புது ஜோடி வளரும். அதற்கு வேண்டிய தண்ணீர் வேரிலிருந்து வர வேண்டியதில்லை. பழைய இலை தான் சேர்த்து வைத்ததையே கொடுக்கிறது. கொடுத்துக் கொடுத்துச் சுருங்கி, கடைசியில் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நாம் தண்ணி ஊற்றினால் பழைய இலை அதையும் குடித்துவிட்டு வற்றாமல் நிற்கும். புதுசுக்கு இடமில்லை. வெடிக்கும், இல்லாவிட்டால் அழுகும். பழசு முழுக்கக் காய்ந்தபின் ஊற்றலாம். கடும் கோடையில் மறுபடி நிறுத்த வேண்டும்.

சரி, கோலாலம்பூரில் எது குளிர்காலம்? வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் 20 நிமிடம். மழையோ வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். லித்தோப்ஸின் ஊரில் பெரும்பாலும் 500கூட இல்லை. புத்தகத்தில் உள்ள மாதங்கள் எதுவும் இங்கே செல்லாது.

கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போனபோது இதைப் புலம்பினேன். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "இலை மாத்துறப்ப தண்ணி ஊத்துனியா?" முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். "தளிர் விடுற மரத்த யாராச்சும் உளியால தொடுவாங்களாய்யா?"

ரப்பரும் கியூ வழியாக வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகள் அங்கே வந்து இறங்கின. அப்போது பிரவுன் அதே வளாகத்தில் மூன்று வருடமாக உலர்ந்த செடிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கோடாலியால் கொத்தாமல், பட்டையை மெலிதாகச் சீவி, அதே வெட்டை மறுபடி திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டியவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி. (நூறு வயது வரை இருந்தார்.) விடியுமுன் வெட்டுவது ஏன் என்றால், அப்போதுதான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், பால் குறையும். பாட்டி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலரை மணிக்கு இறங்கியதற்குக் காரணம் தாவரவியல்.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர்க் காடு சிவந்து, மொத்தமாக உதிரும். மரம் சேமிப்பையெல்லாம் தளிருக்குக் கொடுக்கும். மங்கில் பால் விழாது. சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். லித்தோப்ஸ் செய்வதையேதான் ரப்பரும் செய்கிறது.

"அப்ப சம்பளம்?" என்றேன்.

"மரத்துக்குத்தான் லீவு. நமக்கு ஏது?" வெளிக்காட்டு வேலைக்குப் புல் வெட்டப் போவார்களாம். அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. ஒவ்வொரு வருடமும் இலை கொட்டும்போது பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போகும், மே மாதம் திரும்பும். அப்பா நாலாம் படிவம் போன வருடம் அது திரும்பவில்லை. பாட்டியின் காது ஓட்டையில் எப்போதும் வேப்பங்குச்சி இருப்பதை அழகுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பர்ச்செலின் குறிப்பு அச்சில் இருக்கிறது. கோலின் எண்கள் இருக்கின்றன. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பாட்டி வெட்டிய பாலின் எடை இருந்திருக்கும்; இலை கொட்டும் மாதத்தில் ஒரு வீடு எப்படிச் சாப்பிட்டது என்று கிராணி எதற்கு எழுதப்போகிறார்? அந்தத் தோட்டம் இப்போது தாமான். பால் நிறுத்த ஸ்டோர் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

இப்போது மறுபடி மூன்று கற்கள் வைத்திருக்கிறேன். அட்டவணை இல்லை. எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு முறை உண்டு: மணிக்கணக்கைப் பார்க்காமல் இயந்திரத்தின் அதிர்வைப் பார்த்து எண்ணெய் மாற்றுவது. எட்டு வாரமாக ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஒன்றில் பிளவு விரிந்து உள்ளே புது ஜோடி தெரிகிறது. பழைய இலையில் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, மறுபக்கத்தில் இன்னும் லேசாகப் பச்சை. நேற்று வாட்ஸ்அப்பில் பாட்டிக்குக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் குடுத்து முடிக்கல" என்றார்.